கணவாய்க் காற்றை வரைபடம் காட்டுமா? கொங்கு வானமும் விமான வானிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் விமானி உரிமத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு வானிலைப் பாடம் எடுப்பது என் வேலை. மாணவர்கள் கேட்கும் சந்தேகங்கள் போக, கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் கேட்பார், தோட்டத்துக்கு ட்ரோன் வாங்கிய மாப்பிள்ளையும் கேட்பார். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

வானிலை வரைபடம் என்கிறார்களே, அதை யார் வரைகிறார்கள்?

உலகம் முழுவதற்கும் இரண்டே இரண்டு மையங்கள்: ஒன்று லண்டன், இன்னொன்று வாஷிங்டன். விமானங்கள் பறக்கும் உயரங்களில் காற்று, வெப்பநிலை, இடிமேகம், குலுக்கல், பனி ஒட்டுதல் எல்லாவற்றையும் கணித்துத் தருவது இவர்கள் பொறுப்பு. நம் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதை வாங்கிக் கொடுப்பதோடு, நம் வான் எல்லைக்கான எச்சரிக்கைகளையும் ஒவ்வொரு விமான நிலையத்துக்கான முன்னறிவிப்பையும் தயாரிக்கிறது. கொங்கு நாட்டின் வானம் சென்னை வான் தகவல் பகுதிக்குள், அதாவது விமானங்களுக்குத் தகவல் கொடுக்கும் பொறுப்பில் சென்னைக்கு உள்ள எல்லைக்குள், வருகிறது.

பாடத்தில் நாம் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு வகை. முதலாவது காற்று-வெப்ப வரைபடம். அம்பு மாதிரி ஒரு குச்சி, அதன் வாலில் இறகுகள். அரை இறகுக்கு 5 நாட் (விமானத் துறையின் வேக அளவு, ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.), முழு இறகுக்கு 10, கொடிக்கு 50. வால் எந்தத் திசையில் இருக்கிறதோ அங்கிருந்து காற்று வருகிறது. முதல் வகுப்பில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகத்தான் படிப்பார்கள். இரண்டாவது முக்கிய வானிலை வரைபடம். இடிமேகக் கூட்டத்தைச் சுற்றிப் பாவாடை ஓரம் தைத்தாற்போல வளைவு வளைவாக ஒரு கோடு போடுவார்கள். அதற்குள் 'ஒக்கேஷனல்' என்று இருந்தால் அந்தப் பரப்பில் 50 முதல் 75 விழுக்காடு வரை இடிமேகம். 'ஃப்ரீக்வென்ட்' என்றால் அதற்கும் மேல். 'எம்பெடட்' என்று இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மற்ற மேகங்களுக்குள் ஒளிந்திருக்கும் இடிமேகம் கண்ணுக்குத் தெரியாது. இடிமேகக் குறி ஒன்று இருந்தாலே கடும் குலுக்கல், பனி ஒட்டுதல், ஆலங்கட்டி மூன்றும் அதற்குள் அடக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தனித்தனியாக எழுத மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வரைபடம் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கானது, ஃபோட்டோ மாதிரி. காலை 11:30-க்கு என்று போட்டிருந்தால் அந்த நேரத்து நிலைமை அது. மாலை நாலு மணிக்குப் புறப்படுகிறவர் அதை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது.

ஏனுங்க, அந்த வரைபடத்தில் பாலக்காட்டுக் கணவாய் எங்கே இருக்கிறது?

இல்லை. இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நாம் பாடத்தில் படிக்கும் முக்கிய வானிலை வரைபடத்தின் உயர்நிலை வகை 25,000 அடியில் தொடங்குகிறது. நடுநிலை வகை 10,000 அடியில் தொடங்குகிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது சுமார் 8,650 அடி. ஆனைமுடி 2,695 மீட்டர், சுமார் 8,840 அடி. தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமே வரைபடத்தின் தரைக்குக் கீழே போய்விடுகிறது! மலை, கணவாய், மலைச்சரிவில் உருளும் காற்று என்று நம்மூர்க் கதை அத்தனையும் நடப்பது அந்த 10,000 அடிக்குக் கீழேதான். இடிமேகத்தின் அடிப்பக்கம் வரைபடத்துக்குள் வராவிட்டால் அந்த இடத்தில் மூன்று பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள். நம்மைப் பொறுத்தவரை மலைநாட்டு வானிலை மொத்தமுமே அந்த மூன்று பெருக்கல் குறிக்குள்தான் கிடக்கிறது.

இரண்டாவது காரணம் கட்டம். உலகக் கணிப்பு மாதிரி பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. விமானங்களுக்கான காற்று விவரம் நெடுங்காலம் 1.25 பாகைக் கட்டத்தில் வந்தது. ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 140 கி.மீ. இடைவெளி. பாலக்காட்டுக் கணவாயின் அகலமோ 30 முதல் 40 கி.மீ. தான். மீன் வலையின் கண்ணியில் நெத்திலி தப்புவது போல நம் கணவாய் தப்பிவிடும். இப்போது கால் பாகைக் கட்டம் வந்துவிட்டது, சுமார் 28 கி.மீ. அதிலும் கணவாய் ஒன்றிரண்டு புள்ளிகளாகத்தான் விழும்.

ஆக வரைபடத்தில் குறை ஒன்றும் இல்லை. அது பெரிய வானத்துக்காக வரைந்தது. சின்ன வானத்தை நாம்தான் அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்தக் கணவாய் அப்படி என்னதான் செய்கிறது?

வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. மேற்குத் தொடர்ச்சி மலை என்ற நீண்ட மதிலில் இவ்வளவு பெரிய வாசல் வேறெங்கும் கிடையாது. வைகாசி பாதியிலிருந்து புரட்டாசி வரை அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மதிலில் மோதி ஏறுகிறது. வாசல் கிடைத்த இடத்தில் நெரிசலோடு உள்ளே பாய்கிறது. அதைத்தான் நம் ஊரில் மேகாத்து என்கிறோம்.

குறுகிய இடத்தில் நுழைவதால் வேகம் கூடுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். அது பாதி உண்மை. மேற்கே அழுத்தம் அதிகம், கிழக்கே குறைவு. அந்த வித்தியாசம் காற்றைக் கணவாய் நெடுகத் தள்ளிக்கொண்டே வருகிறது. அதனால் நடுவில் இருப்பதைவிட வெளியேறும் பக்கத்தில்தான் பெரும்பாலும் வேகம் அதிகம். வெளியேறும் பக்கம் எது? நம் பக்கம்தான். பல்லடம், கேத்தனூர், பூளவாடி, உடுமலை என்று காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழிக்கு நம்மூர்க்காரர்களிடம் யாரும் உரை எழுதத் தேவையில்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஆடி மாதம் ஒரே நாளில் ஒரே புள்ளிக்கு இரண்டு காற்று வரைபடங்களை எடுத்துப் பாருங்கள் (முக்கிய வானிலை வரைபடம் போலன்றி, காற்று வரைபடம் 10,000 அடிக்குக் கீழேயும் உண்டு). 5,000 அடியில் மேற்கிலிருந்து வலுவான காற்று. 45,000 அடியிலோ கிழக்கிலிருந்து அதைவிட வலுவான காற்று. மேலே ஓடுவது வெப்பமண்டலக் கிழக்குத் தாரைக் காற்று, அதாவது உயரத்தில் ஆறு மாதிரி வேகமாக ஓடும் காற்று. அதைப் பற்றி நம் நாட்டு வானிலையாளர் பி. கோட்டேஸ்வரம் 1958-இல் எழுதியது இன்றும் பாடம். தலைக்கு மேலே ஒன்று, காலடியில் ஒன்று, இரண்டும் எதிரெதிர்.

கேரளாவில் கொட்டித் தீர்க்கிறது, நமக்கு வெறும் காற்றும் சாரலும் மட்டும் ஏன்?

மலை ஏறும் காற்று குளிர்ந்து, ஈரத்தை அந்தப் பக்கமே மழையாக இறக்கிவிடுகிறது. மிச்சக் காற்று இந்தப் பக்கம் இறங்கும்போது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி சூடாகிறது, மேகம் கரைகிறது. ஆனி, ஆடியில் பொள்ளாச்சியிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ மலையைப் பாருங்கள். உச்சியில் தலைப்பாகை கட்டினாற்போல மேகம் இருக்கும். காற்று பலமாக அடித்தாலும் அந்த மேகம் இடத்தைவிட்டு நகராது. மேற்கே பிறந்து கிழக்கே கரைந்துகொண்டே இருப்பதால் நிற்பது போலத் தெரிகிறது. அழகுதான், ஆனால் சின்ன விமானம் ஓட்டுகிறவனுக்கு அது எச்சரிக்கைப் பலகை.

விமான நிலையத்துக்கு என்று தனியாக அறிக்கை இல்லையா?

உண்டு. இப்போது இருக்கும் நிலையைச் சொல்வது மெட்டார், அரை மணிக்கு ஒரு முறை வரும். இனி வரப்போவதைச் சொல்வது டாஃப். பயிற்சிக்காக நானே எழுதிய ஆடி மாத மெட்டார் ஒன்று:

விஓசிபி 120900இசட் 25016ஜி28கேடி 6000 எஸ்சிடி030 பிகேஎன்100 30/22 கியூ1007 நோசிக்

விஓசிபி என்பது கோவை. 12-ஆம் தேதி, உலக நேரம் 09:00. காற்று 250 பாகையிலிருந்து, அதாவது மேற்குக்குச் சற்றுத் தெற்கே இருந்து, 16 நாட். வீச்சு 28 நாட் வரை. நம் கணக்கில் மணிக்கு 30 கி.மீ., வீச்சில் 52 கி.மீ. பார்வைத் தூரம் 6,000 மீட்டர். 3,000 அடியில் வானத்தை எட்டாகப் பிரித்தால் மூன்று நான்கு பங்கு மேகம், 10,000 அடியில் ஐந்து முதல் ஏழு பங்கு. மேகத்தின் உயரம் விமான நிலையத் தரையிலிருந்து. கடல் மட்டத்திலிருந்து அல்ல. கோவை விமான நிலையமே கடல் மட்டத்துக்குமேல் சுமார் 1,300 அடியில் இருப்பதால் இதைக் குழப்பிக்கொண்டால் ஆபத்து. வெப்பம் 30, பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பம்) 22, அழுத்தம் 1007 ஹெக்டோபாஸ்கல். கடைசிச் சொல்லுக்கு அடுத்த இரண்டு மணி நேரத்துக்குப் பெரிய மாற்றம் இல்லை என்று பொருள்.

ஒரு வீட்டுக் கணக்கு: வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 400-ஆல் பெருக்குங்கள். 8 பெருக்கல் 400, 3,200 அடி. திரள்மேகத்தின் அடிப்பக்கம் ஏறக்குறைய அங்கே இருக்கும். மெட்டார் சொன்னதோடு ஒத்துப் போகிறது பாருங்கள்.

நேரம் தப்பாக இருக்கிறதே?

தப்பில்லை. உலக நேரம் அது. 5:30 கூட்டுங்கள். 09:00 என்றால் நமக்கு மதியம் 2:30.

ஆடி மாதத்தில் விமானம் எப்போதும் அவிநாசிப் பக்கமிருந்தே வந்து இறங்குகிறதே?

கோவை ஓடுபாதையின் எண் 05/23. ஒரு முனையிலிருந்து பார்த்தால் 50 பாகை, மறுமுனையிலிருந்து 230 பாகை. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும், ஏற வேண்டும். மேகாத்துக் காலத்தில் வடகிழக்கிலிருந்து வந்து 23-இல் இறங்கும். ஐப்பசி, கார்த்திகைக்குப் பிறகு காற்று திரும்பினால் 05.

ஓடுபாதை கணவாய்க் காற்றுக்கு ஏறக்குறைய நேராக அமைந்தது நம் பாக்கியம். மேலே சொன்ன 250 பாகைக் காற்றுக்கும் ஓடுபாதைக்கும் 20 பாகைதான் வித்தியாசம். 28 நாட் வீச்சில் குறுக்குக் காற்று சுமார் 10 நாட். அதே காற்று 270-க்குத் திரும்பினால் வித்தியாசம் 40 பாகை, குறுக்குக் காற்று 18 நாட். பெரிய விமானத்துக்குப் பரவாயில்லை, பயிற்சி விமானத்துக்கு அது பெரிய எண். (மெட்டார் உண்மை வடக்கை வைத்துச் சொல்கிறது, ஓடுபாதை எண் காந்த வடக்கை வைத்து. நம் பகுதியில் வித்தியாசம் மிகச் சிறியது, தேர்வில் மட்டும் மறக்காதீர்கள்.)

இறங்கும்போது ஏன் இப்படிக் குலுக்குகிறது? பயப்பட வேண்டுமா?

பயணிகள் பயப்பட வேண்டியதில்லை, பெல்ட் போட்டுக்கொண்டால் போதும். மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. வலுவான காற்று கட்டடம், மரம், மேடு பள்ளத்தில் உரசிச் சுழல்வது ஒன்று. மதிய வெயிலில் செம்மண் காடும் தார்ச்சாலையும் சூடேறி, காற்றுக் குமிழிகளை மேலே அனுப்புவது இன்னொன்று. பக்கத்திலேயே நனைந்த தென்னந்தோப்பு இருந்தால் அங்கே காற்று எழும்பாது, அதனால் தூக்கித் தூக்கிப் போடும்.

மூன்றாவது மலை அலை. மலைமுகட்டுக்குக் குறுக்கே 20 நாட்டுக்கு மேல் காற்று அடித்து, மேலே காற்றடுக்கு அசையாமல் படிந்திருந்தால், வாய்க்காலில் கல்லைத் தாண்டும் தண்ணீர் போல மலைக்குப் பின்னால் காற்று அலை அலையாகப் போகும். அலையின் அடியில் காற்று உருளையாகச் சுழலும். நீலகிரி, ஆனைமலையின் கிழக்குச் சரிவுகள் இதற்கு ஏற்ற இடங்கள். சில நாள் மாலையில் பருப்பு வடிவத்தில் வழுவழுப்பான மேகம் தெரிந்தால் அது அலையின் முகடு. என் மாணவர்களிடம் நான் சொல்வது: மலையடிவாரத்தை ஒட்டிப் போவதானால் மதியத்தில் வேண்டாம், விடிகாலையில் போங்கள், மலையைவிட்டுத் தள்ளியே போங்கள்.

கோடை மழைக்கு டாஃப் சொன்ன நாளில் மழை இல்லை, சொல்லாத நாளில் கொட்டியது. இதை நம்பலாமா?

டாஃப் பேசுவது விமான நிலையத்தைச் சுற்றிச் சுமார் 8 கி.மீ. வட்டத்துக்கு மட்டும். ஒரு சித்திரை மாதம் சூலூரில் தொப்பலாக நனைந்துகொண்டு நான் ஸ்கூட்டரில் பீளமேடு வந்து சேர்ந்தால், அங்கே ரோட்டில் புழுதி பறக்கிறது. டாஃபில் 'டெம்ப்போ இடிமழை' என்று போட்டிருந்தது. டெம்ப்போ என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும், மொத்தமாகச் சேர்த்தாலும் அந்தக் காலத்தில் பாதிக்குக் குறைவு. 'பிராப் 40' என்றால் நூற்றில் நாற்பது வாய்ப்பு. நாற்பது என்பதை வராது என்று படிப்பவரும் உண்டு, வரும் என்று படிப்பவரும் உண்டு. விமானி படிக்க வேண்டியது, 'வந்தால் வேறு எங்கே போவேன், எரிபொருள் இருக்கிறதா' என்று.

கோடை இடிமழை பிறக்கும் விதம் நம்மூரில் கொஞ்சம் தனி. காலை முழுக்கத் தரை காய்கிறது. கிழக்கிலிருந்து ஈரக்காற்று வருகிறது. மதியத்துக்கு மேல் அரபிக்கடல் காற்று கணவாய் வழியாக உள்ளே நுழைகிறது. இரண்டும் சந்திக்கும் கோட்டில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் கோடு ஒருநாள் பொள்ளாச்சிப் பக்கம் விழும், மறுநாள் அன்னூர்ப் பக்கம் விழும். 20 கி.மீ. தள்ளிப்போனால் டாஃப் பொய்த்தது போலத் தெரியும்.

இதில் பயப்பட வேண்டியது மழைக்கு அல்ல, மழைக்கு முன்னால் வரும் குளிர்ந்த காற்றுக்கு. மேகத்திலிருந்து விழும் காற்று தரையில் மோதி நாலாபக்கமும் தெறிக்கும். அதில் சின்ன வகை 4 கி.மீ. அகலத்துக்குள், சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். இறங்கும் விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று, சட்டென்று கீழிறக்கம், பிறகு பின்காற்று. விமானம் வானத்திலேயே வட்டமடிப்பதும், கொச்சிக்கோ பெங்களூருக்கோ திருப்பிவிடுவதும் இதனால்தான். திட்டாதீர்கள், நல்ல முடிவு அது.

மார்கழியில் காலை விமானம் தாமதமாவது?

மழை ஓய்ந்து வானம் தெளிந்த இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது, ஈர மண்ணுக்கும் குளங்களுக்கும் மேலே பனி படிகிறது. பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் குறைந்தால்தான் அறிக்கையில் மூடுபனி. அதற்கு மேல் 5,000 வரை பனிப்புகை. வெயில் ஏறினால் கலைந்துவிடும். போகிப் புகை சேர்ந்தால் மோசமாகும் என்பார்கள். நம்மூரில் அன்று எரிப்பதைவிடப் பூளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரையும் சேர்த்துக் காப்புக் கட்டுவதுதான் வழக்கம், அந்த மட்டில் நல்லது.

வெயிலுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?

சூடான காற்று மெலிந்தது. இறக்கைக்கும் இன்ஜினுக்கும் பிடிமானம் குறைவு. விமானக் கணக்குகளுக்கு உலகப் பொதுவாக ஒரு திட்ட வெப்பம் வைத்திருக்கிறார்கள். கோவை உயரத்தில் அது 12 டிகிரிக்குச் சற்று மேல். சித்திரையில் 38 என்றால் 26 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 120 அடி வீதம் சுமார் 3,100 அடி. 1,300-ஐயும் சேர்த்தால், விமானம் 4,400 அடி உயரத்து ஊரில் நிற்பது போல நடந்துகொள்ளும். ஏறக்குறைய ஏற்காட்டில் ஓடுபாதை போட்ட மாதிரி! ஓட்டம் நீளும், ஏற்றம் சோம்பலாகும்.

சேலத்துக்கும் இதே கதையா?

இல்லை. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் அந்த நிலையத்துக்குக் கணவாய்க் காற்று களைத்துப் போய்த்தான் வருகிறது. அங்கே பார்க்க வேண்டியது சேர்வராயன் மலை. கோடை மதியத்தில் மலைமேல் மேகம் முளைத்து, மாலையில் சமவெளிக்கு இறங்கும். ஓடுபாதை சிறியது, வருவது பெரும்பாலும் சின்ன விமானங்கள். மலைமேல் மேகம் கருக்கும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

தோட்டத்தில் மருந்தடிக்க ட்ரோன் வைத்திருக்கிறேன். மெட்டார் பார்த்தால் போதுமா?

போதாது மாப்பிள்ளை. மெட்டார் காற்று விமான நிலையத்தில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளந்தது. உங்கள் தோட்டம் உடுமலையில். அங்கே காற்று இதைவிடப் பலமாக இருக்கலாம். வரப்போரத் தென்னைக்குப் பின்னால் சுழலும் காற்றை எந்த அறிக்கையும் சொல்லாது. ஆடியில் விடிந்ததும் ஒரு மணி நேரம்தான் உங்களுக்கு. ஓலை சலசலக்கத் தொடங்கினால் இறக்கிவிடுங்கள். மருந்து பக்கத்துக் காட்டுக்குப் போனால் சண்டை வேறு வரும். இன்னொன்று, 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள பச்சை மண்டலத்தில் 200 அடிக்கு மேல் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது, அதற்கு அப்பால் 400 அடி. அதைவிடக் கிட்டத்தில் இருந்தால் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உள்ள ட்ரோன் வான் வரைபடத்தைப் பார்க்காமல் பெட்டியையே திறக்காதீர்கள்.

பறக்கும் நாளில் நீங்கள் எந்த வரிசையில் பார்ப்பீர்கள்?

முதலில் பெரிய வரைபடம். இடிமேகக் கோடு கொங்குப் பக்கம் வருகிறதா என்று மட்டும். அடுத்து 5,000 அடிக் காற்று. அது மேற்கிலிருந்து 25 நாட்டுக்கு மேல் இருந்தால் மலையோரத்தை அன்றைக்கு மறந்துவிடுவேன். பிறகு கோவை டாஃப், மெட்டார். கொச்சி மெட்டாரையும் பார்ப்பேன்; மேகாத்துக் காலத்தில் நமக்கு வரும் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. கடைசியாக மொட்டைமாடிக்குப் போய் மேற்கே பார்ப்பேன். வெள்ளிங்கிரி தெளிவாகத் தெரிந்தால் சாவியை எடுப்பேன். தலைப்பாகை கட்டியிருந்தால் வீட்டில் இன்னொரு காபி கேட்பேன்.